லிஃப்டை முடிவு செய்த பிறகு கூரை

சென்னையின் மேற்குப் புறநகரான பாடி, அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் ஸ்பானர் பிடித்த கைகளுக்குப் பஞ்சமில்லை. வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய நிறுவனங்கள் 1960-களின் தொடக்கத்திலேயே பாடியில் காலூன்றின. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. இன்னும் மேற்கே, திருவள்ளூரில் 1998-இலிருந்து மிட்சுபிஷி லான்சர் கார் தயாரானது. இந்த ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட், அதில் ஒரு லிஃப்ட் என்று ஆசைப்படுவது இயல்புதான். இம்மாதக் கேள்விகள் எல்லாமே அதைப் பற்றியவை.

கேள்வி: பருத்திப்பட்டில் 60-க்கு 80 மனை. முன்பக்கம் வீடு இருக்கிறது. பின்பக்கம் தனியாக கார் ஷெட் கட்ட எண்ணம். அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினி ஒன்று, இன்னோவா கிரிஸ்டா ஒன்று. டூ போஸ்ட் லிஃப்ட் போட வேண்டும். 12 அடி உயரம் போதும் என்கிறார் மேஸ்திரி. போதுமா?

பதில்: அந்த 12 அடி எதிலிருந்து எதுவரை என்பதை மேஸ்திரியிடம் முதலில் கேட்க வேண்டும். கட்டுமான வழக்கில் உயரம் என்றால் தரையிலிருந்து ரூஃப் வரை. லிஃப்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. முடித்த தரையின் மேல்மட்டத்திலிருந்து, காருக்கு மேலே இருப்பவற்றில் எது மிகத் தாழ்வாகத் தொங்குகிறதோ அதன் அடிமட்டம் வரை உள்ள இடைவெளிதான் கணக்கு. அது பீமாக இருக்கலாம், மின்விசிறியாக இருக்கலாம், ரோலிங் ஷட்டர் சுருளும் உருளையாக இருக்கலாம். 20 அடி அகல ஷெட்டுக்கு குறுக்கே ஓடும் கான்கிரீட் பீம் சாதாரணமாக ஒன்றரை அடி ஆழம் வரும். 12 அடி ரூஃபில் இந்தப் பீம் இறங்கினால் கைக்கு மிஞ்சுவது பத்தரை அடி.

இப்போது காரின் பக்கம் இருந்து கூட்டிப் பார்க்கலாம். வழக்கமான டூ போஸ்ட் லிஃப்டின் கைகள் 1.8 முதல் 1.9 மீட்டர் வரை உயரும். கிரிஸ்டாவின் உயரம் ஏறத்தாழ 1.8 மீட்டர். கைகள் காரைத் தாங்குவது டயரில் அல்ல, சேஸியில். அது தரையிலிருந்து கால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே 1.85 மீட்டர் தூக்கினால் காரின் கூரை சுமார் 3.4 மீட்டரில், அதாவது 11 அடிக்குச் சற்று மேலே நிற்கும். அதற்கு மேல் அரை அடியாவது காற்று வேண்டும். பின்கதவைத் திறந்து வைத்து வேலை பார்க்கிற வழக்கம் உண்டென்றால் அதுவும் போதாது. திறந்த பின்கதவு காரின் கூரையைத் தாண்டி எழும்.

கார் மட்டும் அல்ல, லிஃப்டுக்கும் சொந்த உயரம் உண்டு. இரண்டு தூண்களையும் உச்சியில் ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும் வகையில், மொத்த உயரம் 3.6 முதல் 3.8 மீட்டர், 12 அடியிலிருந்து பன்னிரண்டரை அடி. ஆயில் குழாயும் கம்பிவடமும் அந்தச் சட்டத்தின் வழியாகவே போவதால் தரை தடங்கலின்றி இருக்கும். கியர் பாக்ஸை டிராலியில் வைத்து உருட்டிப் போகலாம். வேலை பார்ப்பவருக்கு இதுதான் வசதி.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பருத்திப்பட்டு வாசகருக்குத் தேவை 13 அடி. பீமுக்குக் கீழே 13 அடி. கான்கிரீட் ரூஃப் என்றால் தரையிலிருந்து ரூஃபின் மேல்மட்டம் வரை 15 அடி ஆகிவிடும். மேஸ்திரியின் 12 பொய்யில்லை. அது பத்மினியை மட்டும் வைத்திருப்பவருக்கான கணக்கு. ஏறத்தாழ 1.47 மீட்டர் உயரமே உள்ள பத்மினி, உச்சியில் சட்டம் இல்லாத லிஃப்டில் முழு உயரம் தூக்கினாலும் பத்தரை அடிக்குள் அடங்கிவிடும்.

அகலத்திலும் நீளத்திலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். டூ போஸ்ட் லிஃப்டின் மொத்த அகலம் சுமார் 11 அடி. இருபுறமும் ஆள் நடக்க, கதவு திறக்க இடம் விட்டால் 16 அடி. 4.7 மீட்டர் நீளமுள்ள கிரிஸ்டாவை நிறுத்தி, முன்னால் ஒரு மேசையும் வைஸும் போட 24 அடி நீளம் வேண்டும். ஒரு காரைத் தூக்கியபடி இன்னொன்றைப் பக்கத்தில் நிறுத்த 26-க்கு 24 நல்ல அளவு.

ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலோர் வாசலுக்கு மேல் உட்பக்கமாகவே ரோலிங் ஷட்டரின் உருளையை மாட்டிவிடுகிறார்கள். அது ஒன்றரை அடி உயரத்தையும் அதே அளவு ஆழத்தையும் தின்னும். லிஃப்ட் வாசலை ஒட்டி அமைந்தால், தூக்கிய காரின் பின்பக்கம் நேரே அந்த உருளைக்கு அடியில் போய் நிற்கும். உருளையை வெளிப்பக்கம் மாட்டி மேலே ஒரு தகர மூடி போட்டால் சிக்கல் தீர்ந்தது. மின்விசிறி சுவரில் இருக்கட்டும். ட்யூப் லைட்டுகளும் காருக்கு நேர் மேலே வேண்டாம். இரு பக்கச் சுவரிலும் தோள் உயரத்தில் போட்டால்தான் காரின் அடிவயிற்றில் வெளிச்சம் விழும்.

கேள்வி: பூந்தமல்லியில் ஏற்கனவே கட்டிய ஷெட், பத்தடி உயரம். இடிக்க மனமில்லை. லிஃப்ட் போட வழி உண்டா?

பதில்: உண்டு. குறுக்குச் சட்டம் உச்சியில் இல்லாமல் தரையோடு இணைக்கும் வகை லிஃப்டின் தூண் 2.8 முதல் 2.9 மீட்டர்தான், பத்தடிக்குள் நிற்கும். எவ்வளவு தூக்கலாம் என்பதைக் காரின் உயரம் முடிவு செய்யும். பத்தடி என்பது 3.05 மீட்டர். அரை அடி இடைவெளி விட்டால் ஸ்விஃப்ட் போன்ற காரை ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலேயும், கிரிஸ்டாவை 1.35 மீட்டர் வரையும் உயர்த்தலாம். நின்றபடி வேலை பார்க்க முடியாது; சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். பிரேக், சஸ்பென்ஷன், ஆயில் மாற்றுதல் ஆகியவற்றுக்கு இது தாராளம். ஒரு மீட்டர் அளவே உயரும் சிசர் லிஃப்ட் இன்னொரு வழி. ஆனால் அதன் கத்தரிக்கால்கள் காரின் நடுப்பகுதியை மறைக்கும். சைலன்சர், கியர் பாக்ஸ் வேலைக்கு இடைஞ்சல்.

எதை வாங்கினாலும் கார் ரூஃபில் இடிக்கும் முன் மோட்டாரை நிறுத்துகிற லிமிட் சுவிட்ச் கட்டாயம். குறைந்த உயர ஷெட்டில் அது இல்லாமல் லிஃப்ட் ஓட்டக் கூடாது.

கேள்வி: அம்பத்தூரில் பல பட்டறைகளில் குழிதான் இருக்கிறது. செலவும் குறைவு, உயரமும் தேவையில்லை. வீட்டிலும் குழியே தோண்டிவிடலாமே?

பதில்: லிஃப்ட் வருவதற்கு முன் உலகமெங்கும் குழிதான். 1925 வாக்கில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி, முடிதிருத்தும் நாற்காலி எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்து காருக்கும் அப்படி ஒன்றைச் செய்தார் என்று அந்தத் தொழிலின் வரலாறு சொல்கிறது. அதற்குப் பிறகும் நம் ஊரில் குழி நீடிக்கக் காரணம் செலவு மட்டுமே.

மேற்குப் புறநகரில் குழி வேண்டாம் என்பதற்குத் தண்ணீர் முதல் காரணம். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளை அடுத்தடுத்து எண்ணக்கூடிய நிலம் இது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுகிற தெருக்கள் ஏராளம். ஐந்தடிக் குழியில் ஊறும் நீரை மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். குழிச்சுவரைக் கான்கிரீட்டில் வார்த்து நீர்க்கசிவைத் தடுக்க ஆகும் செலவு, லிஃப்டின் விலையைத் தொட்டாலும் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. பெட்ரோல் ஆவி காற்றைவிட எடை கூடியது. எல்பிஜியும் அப்படியே. இரண்டும் கசிந்தால் தாழ்வான இடத்தைத் தேடிப் போய்த் தங்கும். குழிக்குள் நிற்பவரின் கையில் ஒரு சாதாரண ஹேண்ட் லேம்ப் உடைந்தாலே போதும். பட்டறையில் நாலு பேர் பக்கத்தில் இருப்பார்கள். வீட்டு ஷெட்டில் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே தனியாக வேலை பார்ப்பார். அந்த ஒருவருக்காகவே குழியைக் கைவிட வேண்டும். லிஃப்ட் உள்ள ஷெட்டிலும் சுவரின் அடிமட்டத்தில், தரையை ஒட்டி இரண்டு மூன்று ஜாலிகள் வைப்பது இதே காரணத்துக்காகத்தான். மேலே உள்ள வெண்டிலேட்டர் வெப்பத்தை வெளியேற்றும். பெட்ரோல் ஆவியை அது வெளியேற்றாது.

கேள்வி: திருமுல்லைவாயலில் ஷெட் கட்ட அஸ்திவாரம் எடுக்கப்போகிறோம். தரை எப்படி இருக்க வேண்டும்? வீட்டைப் போலவே பேஸ்மட்டம் போட்டு டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: வீட்டுத் தரையைப் போலப் போட்டால் லிஃப்ட் நிற்காது. இதில் மட்டும் சமரசம் கூடவே கூடாது.

வீட்டில் என்ன செய்கிறோம்? பேஸ்மட்டத்துக்குள் மண்ணையும் இடிபாட்டுக் கற்களையும் கொட்டி, தண்ணீர் விட்டு, மேலே மூன்று நாலு அங்குலம் கம்பியில்லாத பி.சி.சி. கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டுகிறோம். மனிதர்களும் பீரோவும் நிற்க அது போதும். டூ போஸ்ட் லிஃப்டின் தூண் வேறு விதமாக வேலை செய்கிறது. கார் நிற்பது தூணின் தலைமேல் அல்ல. தூணைவிட்டு விலகி, நீட்டிய கைகளின் நுனியில். ஆகவே ஒவ்வொரு தூணும் உள்பக்கமாகச் சாயவே பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது தூணின் அடித்தகட்டைத் தரையோடு பிணைக்கும் நங்கூர போல்ட்டுகள். வெளிப்பக்க போல்ட்டுகள் கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வர முயலும். பி.சி.சி.யால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது.

சில அமெரிக்க லிஃப்ட் நிறுவனங்களின் கையேடுகள் நாலேகால் அங்குலக் கனத்தைக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. அது ஆலையில் கலந்த கான்கிரீட், கெட்டியான அடிமண் என்ற நினைப்பில் எழுதியது. இங்கே எம்25 தரத்தில் ஆர்.சி.சி. தளம், பொதுவாக எட்டு அங்குலம், தூண்கள் வரும் இரு இடங்களில் மட்டும் ஓர் அடி கனம் என்று போடுவது புத்திசாலித்தனம். இரண்டு சதுரங்களில் கூடுதலாகப் போகும் கான்கிரீட்டுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் கண்ணுக்கே தெரியாது. கம்பிகட்டும் முன் லிஃப்ட் நிறுவனத்திடம் அடித்தகட்டின் வரைபடத்தை வாங்கி, துளைகள் விழும் இடத்தில் கம்பி குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தளம் போட்டு 28 நாள் ஆகும் முன் துளை போடக் கூடாது. தளத்தின் விளிம்பிலோ இணைப்புக் கோட்டின் மேலோ தூண் வரக் கூடாது. அடித்தகட்டுக்குக் கீழே டைல்ஸ் அறவே கூடாது. மற்ற இடங்களில் எபாக்ஸி பெயின்ட் போதும்.

கழுவின தண்ணீர் ஓடத் தரைக்குச் சரிவு வைப்பது நம் வழக்கம். வாசலை ஒட்டிய பகுதியில் வைத்துக்கொள்ளலாம். இரு தூண்களும் நிற்கும் பகுதி மட்டமாக இருக்க வேண்டும். சரிவான தரையில் தகடு சொருகித் தூணை நிமிர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு.

அடுத்தது மண். ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி வட்டாரத்தில் பல மனைகளின் அடியில் களிமண். மழையில் உப்பும், சித்திரையில் சுருங்கி வெடிக்கும். இப்படி ஏறி இறங்கும் மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் அடி விரிந்த குறும்பைல்களை வடிவமைத்தது. சென்னையில் களிமண் மனைகளில் வீடு கட்டுகிறவர்கள் பலர் அதைத்தான் போடுகிறார்கள். ஷெட்டின் தூண்களுக்கும் அதுவே பொருந்தும். ஆனால் சுவர்கள் பைலில் நின்று, தரைத்தளம் மட்டும் கொட்டிய மண்ணில் கிடந்தால் இரண்டு வருடத்தில் தரை ஓர் அங்குலம் இறங்கி லிஃப்ட் சாயும். தரைத்தளத்தை, பைல்களை இணைக்கும் கிரேடு பீம்களோடு பிணைப்பது ஒரு வழி. அல்லது மண்ணை மொத்தமாகக் கொட்டாமல் ஆறு ஆறு அங்குலமாகப் பரப்பி இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். எது என்பதை மண் பரிசோதனை செய்த கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். இந்தப் பரிசோதனையைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கிற பணம் தப்பான இடத்தில் பிடிக்கிற மிச்சம்.

மூன்றாவதாக, வீட்டின் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் கட்டிய வீடுகளில் செப்டிக் டேங்க் பெரும்பாலும் பின்பக்கம்தான், அதாவது ஷெட் வரப்போகும் அதே இடத்தில். தண்ணீர் சம்ப் பக்கவாட்டில் இருக்கும். 2003-இல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிகளும் எங்காவது மூடிக்கிடக்கும். இவற்றில் எதன் மூடித்தளத்தின் மேலும் லிஃப்டின் தூண் வரக் கூடாது; கார் ஏறிப் போகும் பாதைகூட வராமல் இருப்பது நல்லது. கைவிட்ட செப்டிக் டேங்க் என்றால் மண்ணைப் போட்டு மூடியது போதாது. உடைத்து எடுத்து, அடியிலிருந்து நிரப்ப வேண்டும்.

கேள்வி: ஷெட்டின் தரை ரோட்டைவிட எவ்வளவு உயரம்?

பதில்: தெருவின் இன்றைய மட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் ரோடு போட்டதால் தாழ்ந்துபோன வீடுகள் சென்னை முழுக்க உண்டு. சுரண்டி எடுத்த பிறகே புதுத்தார் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். ஆனாலும் இரண்டடி உயர்த்திக் கட்டுவது பாதுகாப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் நீர் எந்த அளவு நின்றது என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதற்கு மேல் அரை அடி என்று வைப்பது இன்னும் நல்லது.

உயர்த்தினால் சாய்தளம் வேண்டும். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் இரண்டடி ஏற 16 அடி நீளம் ஆகும். அதை மனைக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். தெரு ஓரத்து மழைநீர் வடிகால் மேல் சாய்தளத்தை நீட்டினால் ஒருநாள் இடிபடும். பத்மினிக்கு எட்டுக்கு ஒன்று பிரச்சினையில்லை. தாழ்வான செடான் கார் என்றால் சாய்தளம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வளைவை மென்மையாக்க வேண்டும், இல்லையேல் அடி உரசும்.

தரை உயர்ந்தால் ரூஃபும் அதே அளவு உயர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சுவர் எழும்பிய பிறகு வெள்ள பயத்தில் தரையை ஒன்றரை அடி தூக்கினால், வரைபடத்தில் இருந்த 13 அடி பதினொன்றரையாகிவிடும். லிஃப்ட் எது, தரைமட்டம் எது, ரூஃப் எது என்ற மூன்றும் இதே வரிசையில், அஸ்திவாரத்துக்கு முன்பே காகிதத்தில் முடிவாக வேண்டும்.

கேள்வி: கான்கிரீட் ரூஃபா, தகர ஷீட்டா?

பதில்: இரும்புச் சட்டமும் ஷீட்டும்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். செலவு குறைவு, நடுவில் தூண் இல்லாமல் 26 அடி அகலம் தாண்டலாம், நடு முகடு உயரமாக இருப்பதால் லிஃப்டை முகட்டுக்கு நேர்கீழே வைத்து ஓரச் சுவர்களை 11 அடியில் நிறுத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: முக்கோண டிரஸ் போட்டால் அதன் அடிச்சட்டம் ஓரச் சுவரின் உயரத்திலேயே குறுக்கே ஓடும். முகடு 15 அடியில் இருந்தும் கார் 11 அடியில் இடிக்கும். அடிச்சட்டம் இல்லாத போர்ட்டல் வகைச் சட்டம் வேண்டும் என்று ஃபேப்ரிகேட்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

காற்றுக்குப் பயப்பட வேண்டும். இந்தியத் தர விதிப்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் என்ன செய்தது என்பதை ஷீட் ரூஃப் வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயல் நேரத்தில் ஷட்டர் திறந்திருந்தாலோ பிய்ந்தாலோ காற்று உள்ளே புகுந்து ரூஃபை அடியிலிருந்து தள்ளும். வெளியே ஓடும் காற்று மேலிருந்து இழுக்கும். ஷீட்டின் எடை இதற்கு ஈடுகொடுக்காது. சட்டத்தின் கால்களை அஸ்திவாரத்தில் புதைத்த போல்ட்டுகளோடு பிணைப்பது, ஷீட்டின் ஓரங்களில் திருகாணிகளை நெருக்கமாகப் போடுவது, ஷட்டரின் பக்கச் சட்டங்களைக் கனமாக வைப்பது ஆகிய மூன்றும் தேவை. வெயிலுக்கு, இரு தகடுகளுக்கு நடுவே பஃப் நுரை வைத்த பேனல் போட்டால் சித்திரையிலும் உள்ளே நிற்கலாம்.

கேள்வி: கார் ஷெட்டுக்கும் பிளான் அப்ரூவல் வேண்டுமா?

பதில்: வேண்டும். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் மண்டலம், ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அலுவலகங்கள் வேறானாலும் விதி ஒன்றே: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. மனை எல்லையிலிருந்து விட வேண்டிய செட்பேக், மனையின் அகலத்தையும் தெருவின் அகலத்தையும் பொறுத்து மாறும். பின்மதிலை ஒட்டி ஷெட் எழுப்பிவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் நிறைவேறாது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை 2,500 சதுர அடி வரையிலான மனைக்கே என்பதால், இரண்டு கிரவுண்ட் வைத்திருப்பவர்கள் வழக்கமான வழியில்தான் போக வேண்டும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வரும் மனைகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு இருப்பதால், அந்தப் பக்கம் உள்ளவர்கள் இடம் வாங்கும் முன்பே சி.எம்.டி.ஏ.வில் விசாரிக்க வேண்டும். 15 அடி உயரக் கட்டடத்தை வரைபடத்தில் 10 அடி என்று காட்டச் சொல்பவர் யாராவது இருந்தால், அவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கொரட்டூரில் 40-க்கு 60 மனை. பின்னால் தனி ஷெட் முடியுமா?

பதில்: வீடு முன்னால் இருந்தால் கஷ்டம். கார் பின்னால் போக வீட்டின் பக்கவாட்டில் ஒன்பது பத்தடி வழி வேண்டும். 40 அடி அகல மனையில் அதை விட்டால் வீட்டில் ஓர் அறை போய்விடும். முன்பக்க போர்ட்டிகோவை உயர்த்தி, போர்ட்டிகோவிலேயே, நாலு தூண்களுக்கு நடுவே ஓடுபாதைத் தகடுகளில் காரை ஏற்றும் ஃபோர் போஸ்ட் லிஃப்ட் வைப்பதை யோசிக்கலாம்.

கேள்வி: ஃபோர் போஸ்ட் லிஃப்டில் ஒரு காரை மேலே ஏற்றி, கீழே இன்னொன்றை நிறுத்த எத்தனை அடி? வெள்ளத்திலும் அது உதவுமா?

பதில்: கீழே ஸ்விஃப்ட், மேலே பத்மினி என்றால் 1.53 மீட்டர், நடுவே இடைவெளியும் ஓடுபாதைத் தகட்டின் கனமும் சேர்ந்து கால் மீட்டர், மேலே 1.47, அதற்கு மேல் ஒரு சாண். சுமார் 11 அடி 5 அங்குலத்தில் முடியும். கீழே கிரிஸ்டா என்றால் 12 அடியைத் தாண்டும்.

வெள்ளத்தில் நிச்சயம் உதவும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்ற படம் நாடு முழுக்கப் பரவியது. மிக்ஜாமில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே இயந்திரங்கள் நீரில் நின்றன. தெருவில் இடுப்பளவு நீர் வந்தாலும், இரண்டடி உயர்ந்த தரையும் அதற்கு மேல் ஐந்தரை ஆறடி ஏறிய லிஃப்டும் ஒரு காரையாவது முழுசாகக் காப்பாற்றும். இந்த வேலைக்கு டூ போஸ்டைவிட ஃபோர் போஸ்ட் மேல். கார் தன் சக்கரங்களிலேயே நிற்பதால் நாள்கணக்கில் விட்டுவைக்கலாம். காரை ஏற்றியதும் எண்ணெய் அழுத்தத்தில் தொங்கவிடாமல் இரும்புப் பூட்டுகளில் இறக்கி அமர்த்த வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியேற வேண்டும். மோட்டாரும் எண்ணெய்த் தொட்டியும் தூணில் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று வாங்கும்போதே பார்த்து, முடிந்தவரை மேலே பொருத்தச் சொல்ல வேண்டும். பிளக் பாயின்டுகள் எல்லாம் தரையிலிருந்து நாலடிக்கு மேலே.

கேள்வி: மும்முனை மின்சாரம் இல்லாமல் லிஃப்ட் ஓடுமா? நடுவில் கரண்ட் போனால் கார் மேலேயே நின்றுவிடுமா?

பதில்: வீட்டு உபயோக லிஃப்டுகளின் மோட்டார் 2.2 கிலோவாட், அதாவது மூன்று குதிரைத்திறன் அளவில்தான் இருக்கும். ஒருமுனை வகையும் கிடைக்கிறது. ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அதிகம். வீட்டின் ஏ.சி.யும் போர் மோட்டாரும் ஓடும் அதே இணைப்பில், அறுபது எழுபது அடி தள்ளியுள்ள ஷெட்டில் மின்னழுத்தம் விழும். வீட்டுக்கு மும்முனை இணைப்பு இருந்தால் மும்முனை மோட்டாரே நல்லது. போர்டிலிருந்து தனி எம்.சி.பி., 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., குறைந்தது நாலு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள், அதைப் புதைக்கக் குழாய், ஷெட்டுக்கென்று தனி எர்த்திங். சொந்தக் கார்களுக்கு மட்டும் என்றால் வீட்டு இணைப்பிலேயே ஓட்டலாம். அக்கம்பக்கத்துக் கார்களைக் கூலிக்குப் பார்க்கத் தொடங்கினால் மின்வாரியத்தின் வணிகக் கட்டணம், குடியிருப்புப் பகுதியில் பட்டறை நடத்தும் அனுமதி என்று எல்லாமே மாறும்.

கரண்ட் போனாலும் கார் விழாது, பூட்டில் அமர்ந்திருக்கும். இறக்குவதுதான் சிக்கல். பூட்டிலிருந்து விடுவிக்க காரை முதலில் ஓர் அங்குலம் மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டார் வேண்டும். ஆகவே கை பம்ப் இணைத்த மாடலா என்று வாங்கும்போது கேட்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் வரும்வரை காத்திருக்கலாம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்த மோட்டாரைக் கிளப்பாது. லிஃப்டைப் பொருத்த வரும் ஆளிடமே, கரண்டை நிறுத்திவிட்டு இறக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். கிரிஸ்டா போன்ற சேஸி வண்டிக்கும் பத்மினிக்கும் தாங்குமுனைகள் வேறு வேறு என்பதால், இரண்டுக்குமான அடாப்டர்களையும் அன்றே மாட்டிச் சரிபார்ப்பது நல்லது.